ஒன்றாம் வகுப்பில் நாலு நாள்: "எத்தனை?" என்று கேட்டால் மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுகிறாள்

கேள்வி: ஏழாம்வகுப்பு டீச்சர்

எல்லோருக்கும் வணக்கம். புதுக்கோட்டைப் பக்கம் ஒரு நடுநிலைப்பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியையாக இருக்கிறேன். பதினோரு வருடமாக ஆறு, ஏழு, எட்டு வகுப்புகள்தான். ஒன்றாம் வகுப்பு டீச்சர் ஒரு மாத மருத்துவ விடுப்பில் போய்விட்டார். தலைமையாசிரியர் கூப்பிட்டு, "காலையில கணக்கு, மத்தியானம் சூழ்நிலையியல். சின்னப் பிள்ளைங்கதானே டீச்சர், பாத்துக்குங்க" என்றார். நானும் அதை நம்பித்தான் போனேன்.

ஆகஸ்ட் 25 முதல் 29 வரை முதல் வாரம். நடுவில் புதன்கிழமை பிள்ளையார் சதுர்த்தி, ஆக மொத்தம் நாலு நாள்தான். அந்த நாலு நாளில் நான் இழந்த குரல் எட்டாம் வகுப்பில் ஒரு பருவம் முழுக்கப் போகாது. கேள்வியைக் கடைசியில் வைத்திருக்கிறேன். நடந்ததைப் படித்தால்தான் நான் எங்கே தப்புகிறேன் என்று உங்களுக்குப் பிடிபடும்.

திங்கட்கிழமை. பதினேழு பிள்ளைகள். கரும்பலகையில் பெரிதாக 1 போட்டேன்.

"இது என்ன?"

"ஒண்ணு டீச்சர்!"

"ஒண்ணுக்கு டீச்சர்," என்று பின்னாலிருந்து ஒரு குரல். அவன் எழுந்ததும் இன்னும் ஆறு பேருக்கு வந்துவிட்டது. அவர்கள் திரும்பி வந்து உட்காருவதற்குள் நான் 3 வரை எழுதியிருந்தேன். அப்போதுதான் ஒரு பெண் சொன்னாள்: "டீச்சர், எங்க போர்டு கீழ இருக்கு." திரும்பிப் பார்த்தால் சுவரைச் சுற்றி என் முழங்கால் உயரத்தில் கறுப்புப் பட்டை. செயல்வழிக் கற்றல் வந்த காலத்தில் போட்டது. பதினோரு வருடம் இந்த அறையைத் தாண்டித்தான் என் வகுப்புக்குப் போகிறேன், ஒரு நாளும் அது கண்ணில் பட்டதில்லை.

பத்து வரை சொல்லச் சொன்னேன். ஐம்பது வரை சொன்னார்கள், அதுவும் ராகத்தோடு. சரி, இவர்களுக்கு எல்லாம் தெரிந்திருக்கிறது என்று புளியங்கொட்டைப் பையைப் பிரித்தேன். "ஆளுக்கு ஆறு எடுங்க." கைக்கு எவ்வளவு அடங்குமோ அவ்வளவு எடுத்தார்கள்.

இரட்டைச் சடை போட்ட ஒரு சிறுமி. (பெயர் வேண்டாம், ரெட்டைச்சடை என்றே சொல்கிறேன்.) அவள் முன்னால் ஏழு கொட்டையை வரிசையாக வைத்தேன். ஒவ்வொன்றாக விரலால் தொட்டு, ஒன்றைக்கூட விடாமல், ஏழு வரை சரியாக எண்ணினாள். "அப்ப மொத்தம் எத்தனை?" என்றேன். மறுபடி ஒன்றிலிருந்து எண்ணினாள். "சரி, எத்தனை இருக்கு?" மூன்றாவது முறையும் ஒன்றிலிருந்து. நாலாவது முறை கேட்டதும் நிமிர்ந்து பார்த்தாள். "டீச்சர், உங்களுக்கு எண்ணத் தெரியாதா?"

அவள் பக்கத்தில் முன்பல் இரண்டும் போன ஒருவன். அவனுக்கு ஐந்து கொட்டை மேல் வரிசையில், ஐந்து கீழ் வரிசையில். "ரெண்டும் ஒண்ணா?" "ஆமா." கீழ் வரிசையைச் சற்று அகட்டி வைத்தேன். "இப்ப?" "கீழதான் நிறைய!" நான் புதிதாக ஒன்றும் வைக்கவில்லையே என்றேன். "நீட்டிட்டீங்கள்ல" என்றான்.

மத்தியானம் கொட்டாங்கச்சியில் ஈரப் பஞ்சு வைத்து ஆளுக்குப் பத்துப் பச்சைப்பயறு போட்டோம். ஒருவனுடையதில் எட்டுதான் இருந்தது. மீதி இரண்டு எங்கே என்றால் வாயைத் திறந்து காட்டினான்.

செவ்வாய், நிழல். காலை ஒன்பதரைக்கு ஜோடி ஜோடியாக நிற்க வைத்துச் சிமெண்டுத் தரையில் சாக்பீஸால் ஒருவர் நிழலை ஒருவர் வரைந்தார்கள். அவரவர் உயரத்தைவிடக் கொஞ்சம் குட்டையாக வந்தது. மதியம் சாப்பாட்டுக்கு முன் 12.15க்கு மறுபடி அழைத்து வந்தேன். நிழல் சின்னதாகும், அதையும் வரைவோம் என்பதுதான் திட்டம். நிழலே இல்லை! காலுக்கடியில் கறுப்பாகத் துளி கசிந்ததோடு சரி. பிள்ளைகள் குனிந்து பார்க்கிறார்கள், குதித்துப் பார்க்கிறார்கள். "காலுக்குள்ள போயிருச்சு டீச்சர்."

எனக்கே ஒரு நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. எங்கள் ஊர் பத்து டிகிரி அட்சரேகைக்குக் கொஞ்சம் மேலே இருக்கிறது. சூரியன் கடக ரேகைக்குப் போகிறபோது ஒரு தடவை, ஏப்ரல் நடுவில், எங்கள் தலைக்கு நேர் மேலே வரும். திரும்பி வருகிறபோது ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு தடவை. நிழலில்லா நாள் என்று எட்டாம் வகுப்புக்குப் படம் போட்டு நடத்தியவள், அந்த நாளை ஒட்டியே பிள்ளைகளை வெயிலில் நிறுத்திவிட்டு நிழலைத் தேடிக்கொண்டிருந்தேன். "தரை சுடுது டீச்சர்" என்று ஒருவன் ஒற்றைக் காலில் நிற்க, சத்துணவு ஆயா சமையல் கூடத்திலிருந்து போட்ட சத்தத்தில் எல்லோரும் உள்ளே ஓடினோம். திட்டு எனக்குத்தான்.

புதன் விடுமுறை. பயற்றுக்கு யார் தண்ணீர் ஊற்றுவது என்று யாருமே யோசிக்கவில்லை, நானும்தான். வியாழன் வந்து பார்த்தால் பஞ்சு நனைந்திருந்தது. பள்ளிக்கு எதிர்வீட்டுப் பையன் கேட் ஏறிக் குதித்து ஊற்றியிருக்கிறான். கண்டிப்பதா பாராட்டுவதா தெரியாமல் இரண்டையும் செய்தேன்.

வியாழன்தான் என்னால் மறக்க முடியாத நாள். மிதக்குமா மூழ்குமா என்று ஒரு பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் வைத்திருந்தேன். "பெருசு மூழ்கும், சின்னது மிதக்கும்" என்பது வகுப்பின் ஒருமித்த தீர்ப்பு. மட்டை உரிக்காத தேங்காய் மிதந்தது, கோலிக்குண்டு மூழ்கியது, தீர்ப்பு ஆட்டம் கண்டது. அப்போது ஒருவன் கால்சட்டைப் பையிலிருந்து களிமண் உருண்டை ஒன்றை எடுத்தான். முந்தின நாள் வீட்டில் பிள்ளையார் பிடித்ததில் மிச்சமாம். போட்டோம், மூழ்கியது. "பிள்ளையாரும் இப்பிடித்தான் முங்குனாரு போன வருசம், எங்க ஊரணியில." எல்லோரும் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்கள். அப்புறம் ரெட்டைச்சடை கேட்டாள்: "பிள்ளையார மிதக்க வைக்க முடியாதா டீச்சர்?"

ஆர்க்கிமிடிஸ் நாக்கு நுனி வரை வந்துவிட்டார். கஷ்டப்பட்டு விழுங்கினேன். "வச்சுப் பாருங்களேன்." ஒரு மணி நேரம் உருட்டினார்கள், தட்டினார்கள், நீட்டினார்கள். அப்பளம் மாதிரி தட்டியது மூழ்கியது. பாம்பு மூழ்கியது. முன்பல் போனவன் கட்டை விரலை நடுவில் அழுத்தி அகல்விளக்கு மாதிரி ஒன்று செய்தான், அது மிதந்தது. அதே மண், அதே அளவு. உடனே அதற்குள் ஒரு குட்டிப் பிள்ளையாரை உட்கார வைத்தார்கள், அகல் பிள்ளையாரோடு சேர்ந்து உள்ளே போனது. அகலைப் பெரிதாக்கினார்கள். மணி அடித்தது யாருக்கும் கேட்கவில்லை.

வெள்ளி. கொட்டாங்கச்சிகளில் முளைத்தது எத்தனை, முளைக்காதது எத்தனை என்று பிரிக்கச் சொன்னேன். ரெட்டைச்சடைக்கு ஏழு முளைத்தது, மூன்று முளைக்கவில்லை. "நாம எத்தனை போட்டோம்?" என்றேன். பத்து என்று அவளுக்கு நினைவிருக்கும் என்று பார்த்தேன். ஏழையும் மூன்றையும் ஒன்றாகக் கூட்டிவைத்து, ஒன்றிலிருந்து...

இதுதான் கேள்வி. மண்ணை வைத்து அத்தனை யோசிக்கிற பிள்ளை, எண்ணில் மட்டும் ஏன் ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து கிளம்புகிறாள்? இதைத் திருத்த வேண்டுமா, தானாக வருமா? ஐந்தாறு பேர் இவளைப் போலத்தான் இருக்கிறார்கள். இன்னும் மூன்று வாரம் என் கையில் இருக்கிறது.

---

பதில்: சாக்பீஸ்தூள்

டீச்சர், இருபத்தாறு வருடமாக நான் இடைநிலை ஆசிரியர், அதில் பாதிக்கு மேல் ஒன்றாம் வகுப்பு. கீழ்ப் பலகையைப் பற்றி எழுதியிருந்தீர்களே, சிரித்துவிட்டேன். அது பிள்ளைகளுக்கென்றே வைத்தது. நீங்களும் தரையில் உட்கார்ந்து அதில் எழுதிப் பாருங்கள், தொண்டையும் பிழைக்கும்.

முதலில் "எத்தனை?" என்று கேட்பதை ஒரு வாரம் விட்டுவிடுங்கள். "ஏழு கொண்டா" என்று சொல்லுங்கள். எண்ணிச் சொல்வது வேறு, எண்ணி நிறுத்துவது வேறு. ஆறு எடுக்கச் சொன்னபோது கைநிறைய அள்ளினார்கள் பாருங்கள், நோய் அங்கேதான் இருக்கிறது. ஐம்பது வரை ராகம் போடுவது கணக்கில் சேராது, அது பாட்டு. ஏழுக்கு அப்புறம் என்ன என்று நடுவில் கேட்டால் பாட்டை முதலிலிருந்துதான் தொடங்குவார்கள். நமக்கும் பாதிப் பாட்டில் ஒரு வரி கேட்டால் அப்படித்தானே.

அடுத்தது, சத்துணவு முட்டை வருகிற அட்டை. ஒரு அட்டையில் வரிசைக்கு ஐந்தாக ஆறு வரிசை, 30 குழி. இரண்டு இரண்டு வரிசையாகக் கத்தரித்தால் பத்துக் குழி உள்ள மூன்று துண்டு கிடைக்கும். உங்கள் பதினேழு பேருக்கு ஆறு அட்டை போதும். ஆயாவிடம் கேளுங்கள், ஆனால் நிழல் கோபம் தணிந்த பிறகு. ஒரு குழிக்கு ஒரு கொட்டை. ஏழு போட்டால் மேல் வரிசை நிறைந்து கீழே இரண்டு நிற்கும். நாலு நாளில் பிள்ளை எண்ணாமலே ஏழு என்று சொல்லும், மூன்று குழி காலி என்பதையும் சேர்த்தே பார்க்கும். உங்கள் பயறுக் கணக்கு அப்படியே அதில் உட்காரும்.

பூஜ்ஜியத்துக்கும் இதைவிட நல்ல சாமான் இல்லை. காலி அட்டையைக் காட்டி "எத்தனை முட்டை?" என்றேன் ஒரு தடவை. "கோழி இன்னும் போடல" என்றான் ஒருவன். நான் அதற்கு மேல் விளக்கவில்லை.

பல்லாங்குழி இருந்தால் எடுங்கள். எங்கள் பக்கம் குழிக்கு ஐந்து முத்து, பதினாலு குழி. ஆட்டத்தில் ஒரு குழியில் நாலு சேர்ந்ததும் "பசு!" என்று கத்தி எடுப்பார்கள் இல்லையா? கத்துகிற பிள்ளை ஒன்று, இரண்டு என்று எண்ணிவிட்டா கத்துகிறது? பார்த்ததும் நாலு. உங்கள் ரெட்டைச்சடையைப் பசு பிடிக்க விடுங்கள்.

---

பதில்: கணக்குப்பிள்ளை

மேடம், தப்பாக நினைக்காதீர்கள். களிமண்ணுக்கு ஒரு மணி நேரம், நிழலுக்கு ஒரு காலை. ஒன்றாம் வகுப்பில் முதலில் எழுத்தும் எண்ணும் வரட்டும், அறிவியல் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். பயிற்சி நூலில் பக்கம் மிச்சம் இருந்தால் விடுப்பு முடிந்து வருகிற டீச்சருக்குத்தான் பாரம். பிள்ளை அரும்பு என்கிற முதல் படியிலேயே நின்றால் கேள்வி அவரிடம்தான் வரும்.

---

பதில்: சாக்பீஸ்தூள்

கணக்குப்பிள்ளை சார், பாரம் என்பது சரிதான், நானும் சுமந்திருக்கிறேன். ஆனால் பத்துப் பயறு போட்டு ஏழு முளைத்தது, மூன்று முளைக்கவில்லை என்பது கணக்கா அறிவியலா, நீங்களே சொல்லுங்கள். பயிற்சி நூலில் அந்தப் பக்கத்துக்கு அவர் டிக் போட்டுக்கொள்ளலாம்.

---

பதில்: பயிற்சிக்கூடம்

ஆசிரியப் பயிற்சி மாணவர்களுக்கு உளவியல் எடுக்கிறேன், அந்தப் பக்கத்திலிருந்து கொஞ்சம்.

எண்ணுவது ஒரே திறன் போலத் தெரிந்தாலும் பல இழை சேர்ந்தது. உளவியலாளர்கள் ரோச்செல் கெல்மனும் காலிஸ்டலும் 1978இல் அதை ஐந்து விதிகளாகப் பிரித்தார்கள். பொருளுக்கு ஒரு எண்பெயர், எண்பெயர்கள் எப்போதும் ஒரே வரிசையில், கடைசியாகச் சொன்ன எண்பெயர்தான் மொத்தத்துக்கும் பெயர். இவை முதல் மூன்று. உங்கள் சிறுமிக்கு முதல் இரண்டும் கச்சிதமாக இருக்கின்றன. மூன்றாவதில் சந்தேகம். சந்தேகம் என்றுதான் சொல்கிறேன், இல்லை என்று சொல்லவில்லை. ஏனென்றால் நம் வகுப்பறைகளில் "எத்தனை? எண்ணு!" என்று இரண்டையும் ஒட்டியே சொல்லிப் பழக்கியிருக்கிறோம். அவள் காதில் "எத்தனை" என்பதன் அர்த்தமே "எண்ணு" என்பதாக இருக்கலாம். நீங்கள் எண்ணச் சொல்கிறீர்கள், அவள் எண்ணுகிறாள். நாலாவது முறை உங்களையே சந்தேகப்பட்டாளே, அதில் நியாயம் இருக்கிறது! சோதிக்க ஒரு வழி: எண்ணி முடித்ததும் கொட்டைகளைக் கொட்டாங்கச்சியால் மூடிவிட்டுக் கேளுங்கள். தொட ஒன்றும் இல்லாதபோது என்ன சொல்கிறாள் என்று பாருங்கள்.

முன்பல் போனவனிடம் நீங்கள் செய்தது குழந்தைகளின் சிந்தனையை ஆராய்ந்த உளவியலாளர் பியாஜே செய்த சோதனையேதான். அகட்டி வைத்ததும் "நிறைய" என்பது அந்த வயதில் சகஜம். ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு. பெரியவர் ஒருவர் வேண்டுமென்றே வரிசையை மாற்றிவிட்டு அதே கேள்வியை மறுபடி கேட்டால், முன்பு சொன்னது தப்போ என்று பிள்ளைக்குத் தோன்றும். 1970களில் மெக்காரிகிள், மார்கரெட் டொனால்ட்சன் இருவரும் பிரிட்டனில் இதைச் சோதித்தார்கள். பெரியவர் கைக்குப் பதில் ஒரு குறும்புக்காரக் கரடிப் பொம்மை பாய்ந்து வந்து வரிசையைக் கலைத்துவிடும். அப்போது "இரண்டும் ஒன்றுதான்" என்று சரியாகச் சொன்ன பிள்ளைகள் மிக அதிகம். நீங்களும் யாரையாவது கலைக்க விட்டுப் பாருங்களேன்.

---

பதில்: மிளகாய்க்கடை

நான் ஆசிரியர் இல்லை, அப்பா. என் மகன் நூறு வரை சொல்வான். நேற்றுக் கடையில் "அஞ்சு எலுமிச்சம்பழம் எடு" என்றேன், இரண்டு கையிலும் அள்ளிக்கொண்டு வந்தான். அடிக்காமல் விட்டது இந்த இழையைப் படித்ததால்தான். முட்டை அட்டை இன்றே கத்தரிக்கிறேன். சாக்பீஸ்தூள் டீச்சருக்கு நன்றி.

---

பதில்: ஏழாம்வகுப்பு டீச்சர்

ஒரு வாரம் கழித்து வருகிறேன்.

ஆயா ஆறு அட்டை கொடுத்தார், "இதுகளையும் வெயில்ல காயப்போடுவீங்களா?" என்ற கேள்வியோடு. கத்தரித்தால் பதினெட்டுத் துண்டு, பிள்ளைகள் பதினேழு. மிஞ்சினதை என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் கரடி நினைவு வந்தது. என் மகளின் பழைய துணிக் குரங்கு ஒன்று பரணில் கிடந்தது. பதினெட்டாவது அட்டை அதற்கு.

கொட்டாங்கச்சியால் மூடிக் கேட்டதில் ஐந்து பேரில் மூன்று பேர் உடனே "ஏழு" என்றார்கள். ஆக, பயிற்சிக்கூடம் சார் சொன்னது சரி. நான்தான் "எத்தனை" என்று சொல்லி எண்ண வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். மற்ற இருவருக்கும் இன்னும் பிடிபடவில்லை. "ஏழு கொண்டா" விளையாட்டு அவர்களோடு தினமும் நடக்கிறது. ஒருத்தி நாலு வரை சரியாகக் கொண்டுவருகிறாள், ஐந்துக்குப் போனால் அள்ளல்தான்.

ரெட்டைச்சடை அந்த மூவரில் ஒருத்தி. நேற்று இரண்டு வரிசை கொட்டை வைத்து, இரண்டும் ஏழு என்று அவளே சொன்ன பிறகு, குரங்கு மேசைக்கடியிலிருந்து பாய்ந்து ஒரு வரிசையைக் கலைத்தது. (குரங்கின் கீச்சுக் குரலுக்கு நானே பொறுப்பு. பக்கத்து வகுப்பு சார் எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.) "அய்யய்யோ, இப்ப எதுல நிறைய?" என்றேன்.

ரெட்டைச்சடை எண்ணவில்லை. குரங்கைத்தான் முறைத்தாள். "ஏழுதான் டீச்சர். அது கலைச்சுச்சு, எடுத்துட்டா போச்சு?"

முன்பல் போனவன் மட்டும் குரங்கின் இரண்டு கையையும் விரித்து, ஏதாவது ஒளித்துவைத்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் ஒப்புக்கொண்டான்.

கணக்குப்பிள்ளை சாருக்கு: பயிற்சி நூலில் எட்டுப் பக்கம் முடிந்தது. களிமண் தொட்டி இன்னும் வகுப்பில்தான் இருக்கிறது.

இன்னொன்று. கேட் ஏறிக் குதித்த பையன் இருக்கிறானே, அவன் வகுப்பைவிட முன்னால் ஓடுகிறான். பதினொன்று எழுதச் சொன்னால் 101 என்று எழுதுகிறான். "பத்து, அப்புறம் ஒண்ணு" என்று படித்தும் காட்டுகிறான். இதற்கு என்ன செய்வது?

---

பதில்: சாக்பீஸ்தூள்

அவன் காதில் விழுகிறதை எழுதுகிறான் டீச்சர். ஈர்க்குச்சி ஒரு கட்டு, ரப்பர் பேண்ட் ஒரு பாக்கெட் வாங்கி வையுங்கள், பத்துப் பத்தாகக் கட்ட வைப்போம். இதற்குத் தனி இழை போடுங்கள், இங்கேயே எழுதினால் யாரும் தேடி எடுக்க முடியாது. அப்புறம், அந்தக் குரங்குக்கு ஒரு பெயர் வைத்தீர்களா இல்லையா?